இரண்டாவது நேம்சர்வர் எங்கே இருக்க வேண்டும்? – வாசகர் கேள்வி பதில்

சிறிய ஹோஸ்டிங் நிறுவனம் நடத்துபவர்கள், நடத்தத் தொடங்கியிருப்பவர்கள் அனுப்பிய டிஎன்எஸ் (தளத்தின் பெயருக்கு ஐபி முகவரியைச் சொல்லும் முறை) கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். அந்தப் பதிலைச் சொல்லும் நேம்சர்வர்களில் பிரைமரி (பதிவுகளைத் திருத்தும் சர்வர்), செகண்டரி (அதை நகலெடுக்கும் சர்வர்) பற்றிய கேள்விகளே அதிகம் என்பதால் அவற்றை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

எங்களிடம் நாற்பது வாடிக்கையாளர்கள். ஒரே விபிஎஸ்ஸில் (வாடகை மெய்நிகர் சர்வர்) இரண்டு ஐபி வாங்கி, ஒன்றை என்எஸ்1 என்றும் மற்றொன்றை என்எஸ்2 என்றும் பதிந்திருக்கிறோம். டொமைன் பதிந்து தரும் ரெஜிஸ்ட்ராரும் ஏற்றுக்கொண்டார். இது போதாதா?
– வாசகர், கோவை

போதாது. ரெஜிஸ்ட்ரார் இரண்டு பெயர் இருக்கிறதா என்றுதான் பார்ப்பார். இரண்டும் ஒரே பெட்டிக்குள் இருக்கின்றனவா என்று அவர் பார்ப்பதில்லை. அந்த விபிஎஸ் நின்றால் இரண்டு பெயரும் சேர்ந்தே போய்விடும்.

தளங்களும் அதே சர்வரில்தானே இருக்கின்றன, சர்வர் விழுந்தால் டிஎன்எஸ் இருந்து என்ன பயன் என்று நீங்கள் கேட்கலாம். உங்கள் நாற்பது பேரில் எத்தனை பேருக்கு மின்னஞ்சல் கூகுளிலோ மைக்ரோசாஃப்டிலோ இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். அவர்களுடைய எம்எக்ஸ் பதிவை (மின்னஞ்சல் எந்த சர்வருக்குப் போக வேண்டும் என்பதை) சொல்ல வேண்டியது உங்கள் நேம்சர்வர்தான். அது பேசாவிட்டால், நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் அவர்களுடைய மின்னஞ்சலும் நின்றுபோகும். அனுப்பும் சர்வர்கள் பெரும்பாலும் வரிசையில் வைத்துத் திரும்பத் திரும்ப முயலும் என்றாலும், பில் அனுப்பிய கடைக்காரருக்கு அன்று பதில் வராது. தளத்தை வேறு சர்வருக்கு மாற்றி உடனே எழுப்பலாம் என்றாலும், ஐபியை மாற்றிச் சொல்ல உயிரோடு ஒரு நேம்சர்வர் வேண்டும்.

பெரிய நிறுவனங்களே இதில் அடிபட்டிருக்கின்றன. 2001 ஜனவரியில் மைக்ரோசாஃப்ட் தளங்கள் ஏறத்தாழ ஒரு நாள் முழுக்கக் காணாமல் போயின. நான்கு நேம்சர்வர்கள் இருந்தும் நான்கும் ஒரே நெட்வொர்க்கில் இருந்தன. முன்னால் இருந்த ரவுட்டரில் செய்த ஒரு மாற்றம் தவறியதும் நான்கும் ஒருசேர மறைந்தன. 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக்கிலும் அடிப்படை இதுதான். நேம்சர்வர்கள் ஓடிக்கொண்டுதான் இருந்தன, ஆனால் அவற்றுக்கான பாதை இணையத்தின் ரவுட்டிங் அட்டவணையிலிருந்து விலகிவிட்டதால் சுமார் ஆறு மணி நேரம் யாராலும் அவற்றை எட்ட முடியவில்லை. செகண்டரி சர்வரை எப்படித் தேர்வது என்று விளக்கும் இணைய நெறிமுறை ஆவணமான ஆர்எஃப்சி 2182, 1997லேயே வந்துவிட்டது. இடத்தாலும் நெட்வொர்க்காலும் பிரிந்திருக்க வேண்டும் என்பதே அதன் சாரம்.

உங்களுக்கு நாங்கள் சொல்வது: வேறு நிறுவனம், வேறு ஊர், வேறு ஏஎஸ் எண் (இணையத்தில் ஒரு தனி நெட்வொர்க்கின் அடையாள எண்). மூன்றும் மாற வேண்டும். ஒரே நிறுவனத்திடம் சென்னையில் ஒன்றும் மும்பையில் ஒன்றும் வாங்கினால், கணக்கு முடக்கப்பட்டாலோ கார்டு பணம் எடுக்காமல் போனாலோ இரண்டும் சேர்ந்து நிற்கும். இரண்டையும் சென்னையிலேயே வைப்பதும் சரியல்ல. 2016 டிசம்பர் 12 வர்தா புயலின்போது மின்சாரமும் இணையமும் பட்ட பாடு பலருக்கும் நினைவிருக்கும். ஒன்று சென்னையிலோ மும்பையிலோ, இன்னொன்று சிங்கப்பூரிலோ ஐரோப்பாவிலோ இருக்கட்டும். டிஎன்எஸ் மட்டும் ஓடும் சர்வருக்கு ஒரு சிபியு, 1 ஜிபி ராம் தாராளம். சில ஆயிரம் டொமைன் வரை அது திணறாது.

பிரைமரி நன்றாக இருக்கும்போது செகண்டரிக்கு யாரும் வரமாட்டார்கள் அல்லவா? அப்படியானால் அதில் பழைய தகவல் இருந்தால் என்ன?
– வாசகர், மதுரை

இந்தத் தவறான எண்ணத்தை முதலில் விட்டுவிடுங்கள். பிரைமரி, செகண்டரி என்பது உங்களுக்குள் இருக்கும் ஏற்பாடு: எதில் திருத்துகிறோம், எது நகலெடுக்கிறது என்பது மட்டுமே. வெளியிலிருந்து பார்க்கும் ரிசால்வருக்கு (பயனருக்காக நேம்சர்வரிடம் கேட்டுச் சொல்லும் சர்வர்) என்எஸ்1, என்எஸ்2 இரண்டும் சமம். அது இரண்டிலும் கேட்டுப் பார்க்கும், எது வேகமாகப் பதில் தருகிறதோ அதன் பக்கம் சாயும். வெளிநாட்டு வாசகருக்கு உங்கள் சிங்கப்பூர் செகண்டரிதான் முதல் தேர்வாக இருக்கலாம்.

ஆகவே செகண்டரியில் பழைய ஐபி இருந்தால், வருபவர்களில் ஒரு பங்கு பழைய தளத்துக்குப் போவார்கள். “எனக்குத் திறக்கிறது, துபாயில் இருக்கும் தம்பிக்குத் திறக்கவில்லை” என்று வாடிக்கையாளர் சொன்னால், பிரவுசர் கேஷை அழிக்கச் சொல்வதற்கு முன் இரண்டு நேம்சர்வரின் சீரியல் எண்ணையும் (ஒவ்வொரு திருத்தத்துக்கும் ஏறும் பதிப்பு எண்) ஒப்பிட்டுப் பாருங்கள்.

உபுண்டுவில் பைண்ட் என்ற நேம்சர்வர் நிரலைப் போட்டு பிரைமரி, செகண்டரி அமைக்கும் முறையை வரிசையாகச் சொல்ல முடியுமா?
– வாசகர், திருச்சி

முதலில் வரைபடம். சிறிய நிறுவனத்துக்கு மூன்று பெட்டி அமைப்பே நல்லது என்பது எங்கள் கருத்து. கன்ட்ரோல் பேனல் இருக்கும் சர்வர் பிரைமரி. அது என்எஸ் பதிவுகளில் இடம்பெறாது, வெளியார் கண்ணில் படாது. என்எஸ்1, என்எஸ்2 இரண்டும் செகண்டரி. மறைவான பிரைமரி என்று இதைச் சொல்வார்கள். பேனல் சர்வரை ரீபூட் செய்தாலும், யாராவது தாக்கினாலும், பெயர்கள் பதில் சொல்லிக்கொண்டே இருக்கும்.

பிரைமரியின் ஐபி 192.0.2.10 என்றும், செகண்டரிகள் 198.51.100.20, 203.0.113.30 என்றும் வைத்துக்கொள்வோம்.

டிஎஸ்ஐஜி சாவியிலிருந்து, அதாவது இரண்டு சர்வரும் ஒன்றையொன்று அடையாளம் காணும் ரகசியச் சாவியிலிருந்து, தொடங்குங்கள். பைண்டுடன் வரும் டிசிக்-கீஜென் கட்டளை ஹெச்மாக்-ஷா256 வகைச் சாவியை உருவாக்கித் தரும். செகண்டரி ஒவ்வொன்றுக்கும் தனிச் சாவி. சாவியின் பெயரும் இரண்டு பக்கமும் எழுத்துப் பிசகாமல் ஒன்றாக இருக்க வேண்டும், ஏனெனில் பெயரும் கையொப்பத்தில் சேர்கிறது. இரண்டு பெட்டிகளின் கடிகாரமும் 300 விநாடிக்கு மேல் விலகினால் கையொப்பம் செல்லாது. ஆகவே நேரத்தைச் சரிசெய்யும் குரோனியை இரண்டிலும் ஓடவிடுங்கள்.

பிரைமரியின் ஆப்ஷன்ஸ் பகுதியில் ரிகர்ஷன் நோ என்று எழுதுங்கள். அலவ்-டிரான்ஸ்ஃபர் வரியில் அந்தச் சாவிகளை மட்டும் குறிப்பிடுங்கள். 9.20க்கு முந்தைய பைண்டில் இந்த வரி இல்லாவிட்டால் முழு ஸோனையும் (ஒரு டொமைனின் எல்லாப் பதிவுகளும் கொண்ட தொகுப்பு) கேட்பவர் எவருக்கும் அது கொடுத்துவிடும், உங்கள் வாடிக்கையாளரின் எல்லா சப்டொமைனும் வெளியே போய்விடும். அடுத்து நோட்டிஃபை, ஆல்ஸோ-நோட்டிஃபை வரிகள். ஸோன் மாறியதும் செகண்டரிக்குச் செய்தி அனுப்பச் சொல்பவை இவை. மறைவான பிரைமரியில் இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது. பைண்ட் இயல்பாக என்எஸ் பதிவுகளில் உள்ள சர்வர்களுக்கு நோட்டிஃபை அனுப்பும், ஆனால் ஸோனின் தலைப்புப் பதிவான எஸ்ஓஏவின் முதல் பெயராக உள்ள சர்வரை விட்டுவிடும், அதுதான் பிரைமரி என்று எண்ணிக்கொள்ளும். எஸ்ஓஏவில் என்எஸ்1 என்று எழுதியிருந்தால் என்எஸ்1க்கு மட்டும் செய்தி போகாது. என்எஸ்2 உடனே புதுப்பிக்கும், என்எஸ்1 அடுத்த முறை தானாக வந்து பார்க்கும்வரை பின்தங்கும். ஆல்ஸோ-நோட்டிஃபையில் இரண்டு ஐபியையும் வெளிப்படையாக எழுதினால் தீர்ந்தது.

செகண்டரியில் ஸோனின் டைப் செகண்டரி, பிரைமரீஸ் வரியில் 192.0.2.10உம் சாவியும். பழைய பைண்டில் ஸ்லேவ், மாஸ்டர்ஸ் என்ற சொற்கள். கோப்பு இருக்க வேண்டிய இடம் /வார்/கேஷ்/பைண்ட். /இடிசி/பைண்ட் கோப்பகத்தில் வைத்தால் உபுண்டுவின் பாதுகாப்புக் காவலான ஆப்பார்மர் எழுத விடாது. ஸோன் வந்திருக்கும், நினைவகத்தில் இருக்கும், பதிலும் சொல்லும். வட்டில் மட்டும் எழுதப்பட்டிருக்காது. பிரைமரி நின்றிருக்கும் நாளில் செகண்டரியை ரீபூட் செய்தால் கையில் ஒன்றும் இருக்காது. வந்த கோப்பைத் திறந்தால் குப்பையாகத் தெரிகிறதே என்று பயப்படாதீர்கள். 9.9 பதிப்பிலிருந்து செகண்டரி கோப்புகள் பைனரி வடிவில் எழுதப்படுகின்றன. நேம்டு-கம்பைல்ஸோன் கொண்டு உரையாக மாற்றிப் படிக்கலாம்.

ஃபயர்வாலில் போர்ட் 53ஐ யுடிபி, டிசிபி இரண்டுக்கும் திறக்க வேண்டும். யுடிபி மட்டும் திறந்துவிட்டு, ஸோன் வரவில்லை என்று மணிக்கணக்கில் தேடுபவர்கள் ஏராளம். ஸோன் டிரான்ஸ்ஃபர் டிசிபியில் நடக்கிறது. நீளமான பதில் யுடிபியில் அடங்காதபோதும் ரிசால்வர் டிசிபிக்குத்தான் மாறும். கிளவுட் நிறுவனத்தின் பேனலில் ஒரு ஃபயர்வால், சர்வருக்குள் யுஎஃப்டபிள்யூ இன்னொன்று. இரண்டிலும் பாருங்கள்.

செகண்டரிகளில் ஒன்றிலாவது பைண்டுக்குப் பதில் என்எஸ்டி என்ற வேறு நேம்சர்வர் நிரலைப் போடுங்கள். 2015 ஜூலையில் ஒரே ஒரு பாக்கெட் அனுப்பி பைண்டை நிறுத்திவிடக்கூடிய ஓட்டை வெளிவந்தது. எல்லாப் பெட்டியிலும் பைண்டே ஓடினால் எல்லாம் ஒரே நேரத்தில் விழும். என்எஸ்டியில் ரிக்வெஸ்ட்-எக்ஸ்எஃப்ஆர், அலவ்-நோட்டிஃபை என்ற இரண்டு வரிகளே போதும், இரண்டிலும் பிரைமரி ஐபியும் சாவிப் பெயரும். உபுண்டுவில் சிஸ்டம்டி-ரிசால்வ்டு 127.0.0.53இல் ஏற்கெனவே 53ஐப் பிடித்திருக்கும். என்எஸ்டி கோப்பில் ஐபி-அட்ரஸ் வரியில் வெளி ஐபியைக் குறிப்பிட்டால் மோதல் வராது.

முடிந்ததும் வெளியிலிருந்து, உங்கள் அலுவலகக் கணினியிலிருந்தே, டிக் +என்எஸ்சர்ச் என்று எழுதி டொமைன் பெயரைக் கொடுங்கள். ஒவ்வொரு நேம்சர்வருக்கும் ஒரு வரி வரும். வரியில் எஸ்ஓஏவும் எந்த ஐபியிலிருந்து வந்தது என்பதும் இருக்கும். இரண்டு வரி வந்து, இரண்டிலும் சீரியல் ஒன்றாக இருந்தால் சரி. ஒரு வரிதான் வந்தது என்றால் மற்றது பேசவில்லை.

அந்த எஸ்ஓஏவில் வரும் ஐந்து எண்களுக்கு என்ன வைப்பது? ஒவ்வொருவரும் ஒவ்வொன்று சொல்கிறார்கள்.
– வாசகர், ஈரோடு

இப்படி வையுங்கள்: 2025061501 7200 900 1209600 600.

முதலாவது சீரியல். ஆண்டு, மாதம், தேதி, அன்றைய எத்தனையாவது திருத்தம். இரண்டாவது, செகண்டரி எத்தனை விநாடிக்கு ஒருமுறை தானாக வந்து சீரியலைப் பார்க்கும் என்பது. நோட்டிஃபை ஒழுங்காகப் போனால் இது வெறும் பாதுகாப்பு வலை, இரண்டு மணி நேரம் போதும். மூன்றாவது, பார்க்க முடியாவிட்டால் மறுமுயற்சிக்கு எத்தனை விநாடி.

நான்காவதில்தான் கவனம் வேண்டும். பிரைமரியை எட்ட முடியாமல் இத்தனை விநாடி கடந்தால் செகண்டரி அந்த ஸோனையே கைவிட்டு, கேட்பவர்களுக்கு செர்வ்ஃபெயில் (பதில் தர முடியவில்லை) என்று பதில் சொல்லும். இங்கே 86400 என்று எழுதியிருக்கும் கோப்புகள் நிறைய உண்டு. ஒரே ஒரு நாள்! சனிக்கிழமை மாலை பிரைமரி நின்றால், ஞாயிறு மாலை நல்ல நிலையில் இருக்கும் செகண்டரியும் வாயை மூடிக்கொள்ளும். ஆர்எஃப்சி 1912 இரண்டு முதல் நான்கு வாரம் வைக்கச் சொல்கிறது. 1209600 என்பது 14 நாள்.

14 நாள் வைத்தால் இன்னொரு அபாயம் வருகிறது. பிரைமரிக்கும் செகண்டரிக்கும் தொடர்பு அறுந்து 13 நாள் ஆகியும் எதுவும் வெளியே தெரியாது. 14ஆம் நாள் எல்லா டொமைனும் ஒரே மணி நேரத்தில் விழும். எனவே சீரியல்களை ஒப்பிடும் சிறு ஸ்கிரிப்ட் ஒன்றைப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கிரானில் ஓடவிடுங்கள். அரை மணிக்கு மேல் வேறுபட்டால் எச்சரிக்கை வரட்டும். ஒரு சோதனை டொமைனின் சீரியலை நாள்தோறும் தானாக ஏற்றிவிட்டால், திருத்தமே இல்லாத வாரத்திலும் தொடர்பு அறுந்தது தெரியும். டிஎன்எஸ்செக் (பதிவுகளைக் கையொப்பமிட்டுக் காக்கும் முறை) போட்டிருந்தால் கையொப்பங்களுக்கும் ஆயுள் உண்டு. பைண்டில் இயல்பாக 14 நாள், புதுப்பிக்காவிட்டால் அதற்குமேல் செல்லாது. அப்படிப்பட்ட ஸோனுக்கு நான்காவது எண்ணைக் குறைத்து, 5 நாள் போல வையுங்கள். காலாவதியான கையொப்பத்தைப் பரப்புவதால் யாருக்கும் பயனில்லை.

ஐந்தாவது, “இப்படி ஒரு பெயர் இல்லை” என்ற பதிலை ரிசால்வர்கள் எவ்வளவு நேரம் நினைவில் வைக்கும் என்பது. புது சப்டொமைன் கேட்ட வாடிக்கையாளர், நீங்கள் சேர்ப்பதற்கு முன்பே போனில் ஒருமுறை திறந்து பார்த்துவிடுவார். இங்கே 86400 இருந்தால் நாள் முழுக்க அவருக்கு இல்லை என்றே வரலாம். ஹோஸ்டிங்குக்கு 300 முதல் 900 வரை நல்லது.

அவசரத்தில் சீரியலில் 2025க்குப் பதில் 2052 என்று அடித்துவிட்டேன். திருத்தினேன், ஆனால் செகண்டரி பழையதையே பிடித்துக்கொண்டு நிற்கிறது.
– வாசகர், சேலம்

செகண்டரியின் கணக்கில் 2052061501 புதியது, 2025061502 பழையது. பழையதை அது வாங்காது. செகண்டரிகள் உங்கள் கைவசம் என்றால் எளிய வழி: ஒவ்வொன்றிலும் ஆர்என்டிசி ரீடிரான்ஸ்ஃபர் கட்டளையை அந்த டொமைனுக்குக் கொடுங்கள். சீரியலைப் பார்க்காமல் முழுதாக வாங்கிக்கொள்ளும்.

செகண்டரி வேறொருவரிடம் இருந்தால் எண்ணைச் சுற்றிக் கொண்டுவர வேண்டும். சீரியல் 32 பிட் எண். உச்சம் 4294967295, அதற்குமேல் பூஜ்ஜியத்துக்குத் திரும்பும். இப்போதுள்ள எண்ணுடன் 2147483647 வரை கூட்டினால் அது புதியது என்றே எடுத்துக்கொள்ளப்படும். 2052061501 + 2147483647 = 4199545148. இந்த எண்ணைப் பிரைமரியில் போட்டு ரீலோட் செய்யுங்கள். எல்லா செகண்டரியும் இதை வாங்கிவிட்டதா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள், ஒன்றுகூட விடுபடக் கூடாது. பிறகு 2025061502 போடுங்கள். சுற்று தாண்டி வருவதால் அது இப்போது புதியது.

ஸோன் டிரான்ஸ்ஃபர் நேற்றுவரை நடந்தது. எதையும் மாற்றவில்லை. இன்று மறுக்கப்படுகிறது.
– வாசகர், யாழ்ப்பாணம்

எதையும் மாற்றாதபோது முதலில் பார்க்க வேண்டியது ஐபிவி6. சர்வர் நிறுவனம் புதிதாக ஐபிவி6 முகவரி கொடுத்திருந்து, நோட்டிஃபை அந்த முகவரியிலிருந்து புறப்பட்டால், பிரைமரியின் ஐபிவி4 முகவரியை மட்டும் தெரிந்த செகண்டரி யாரோ அந்நியர் என்று தள்ளிவிடும். ஒரே பெட்டியில் பல ஐபி இருந்தாலும் இதே கதை. நோட்டிஃபை-சோர்ஸ், டிரான்ஸ்ஃபர்-சோர்ஸ் வரிகளில் எந்த ஐபியிலிருந்து புறப்பட வேண்டும் என்று கட்டிவிடுங்கள்.

லாகில் பேட்டைம் என்று இருந்தால் கடிகாரம். பேட்கீ என்றால் சாவியின் பெயர். பேட்சிக் என்றால் சாவியின் உள்ளடக்கம், பெரும்பாலும் இரண்டு பக்கமும் வேறு வேறு சாவி இருக்கும். இவை எதுவும் இல்லையென்றால் பிரைமரியிலேயே ஸோன் ஏறியிருக்காது. கோப்பில் ஒரு எழுத்துப் பிழை இருந்தால் அந்த ஸோனையே பைண்ட் ஏற்றாமல் விடும். நேம்டு-செக்ஸோன் கட்டளை எந்த வரி என்று சொல்லும். பெயரின் கடைசிப் புள்ளி விடுபட்டதை மட்டும் அது பிழையாகச் சொல்லாமல் போகலாம். புள்ளி இல்லாத முழுப் பெயரின் பின்னால் டொமைன் இன்னொரு முறை ஒட்டிக்கொண்டு, மெயில்.கடை.இன்.கடை.இன் என்று ஆகிவிடும். அதைக் கண்ணால்தான் பார்க்க வேண்டும்.

டொமைன்கள் 600ஐத் தாண்டிவிட்டன. புதிதாக ஒன்று சேர்க்கும்போதெல்லாம் செகண்டரியில் கையால் எழுத வேண்டியிருக்கிறது.
– வாசகர், சென்னை

கேட்டலாக் ஸோன் போடுங்கள். உங்களிடம் உள்ள டொமைன்களின் பட்டியலையே ஒரு ஸோனாக எழுதி, மற்றவற்றைப் போலவே டிரான்ஸ்ஃபர் செய்வது. பட்டியலில் பெயர் சேர்ந்தால் செகண்டரி தானே அந்த டொமைனைச் சேர்த்துக்கொண்டு வாங்கிக்கொள்ளும், நீங்கினால் நீக்கிவிடும். பைண்ட் 9.11இல் வந்தது, 2023இல் ஆர்எஃப்சி 9432 ஆனது. நாட், பவர்டிஎன்எஸ் என்ற நேம்சர்வர் நிரல்களும் புதிய என்எஸ்டி பதிப்புகளும் இதைப் புரிந்துகொள்ளும்.

ஒரு காப்பு அவசியம். பட்டியலை உருவாக்கும் ஸ்கிரிப்ட் டேட்டாபேஸைத் தொட முடியாமல் வெற்றுப் பட்டியலை எழுதிவிட்டால், செகண்டரிகள் 600 டொமைனையும் கீழ்ப்படிந்து அழித்துவிடும். முந்தைய எண்ணிக்கையைவிட பத்தில் ஒரு பங்குக்குமேல் குறைந்தால் வெளியிடாமல் நிற்கும்படி எழுதுங்கள்.

என்எஸ்2 இருந்த விபிஎஸ்ஸை விட்டு வேறிடம் மாறுகிறோம். புது ஐபியை ஏ பதிவில் (பெயருக்கு ஐபி சொல்லும் பதிவு) மாற்றினால் போதுமா?
– வாசகர், புதுச்சேரி

போதாது. நேம்சர்வரின் ஐபி இரண்டு இடத்தில் இருக்கிறது. ஒன்று உங்கள் ஸோனில், மற்றொன்று மேலே உள்ள ரெஜிஸ்ட்ரியில் (.காம் போன்றவற்றை நடத்தும் அமைப்பு) குளூ பதிவாக. ரெஜிஸ்ட்ராரின் பேனலில் சைல்டு நேம்சர்வர் அல்லது ஹோஸ்ட் பதிவு என்ற இடத்தில் அதைத் தனியாக மாற்ற வேண்டும். .காம் டொமைனில் குளூவின் டிடிஎல் (ரிசால்வர்கள் நினைவில் வைக்கும் நேரம்) 172800 விநாடி, அதாவது இரண்டு நாள். புதுப் பெட்டி முழுதாக ஓடத் தொடங்கிய பிறகு இரண்டு இடத்திலும் ஐபியை மாற்றி, பழைய பெட்டியை ஒரு வாரமாவது விட்டுவையுங்கள். அந்த வாரம் பழைய பெட்டிக்கும் ஸோன் டிரான்ஸ்ஃபர் தொடர வேண்டும், இல்லாவிட்டால் அது பழைய பதிலைச் சொல்லிக்கொண்டிருக்கும். அணைக்கும் முன் டிசிபி-டம்ப் வைத்து 53க்கு இன்னும் கேள்வி வருகிறதா என்று பாருங்கள்.

எங்களை விட்டுப் போன வாடிக்கையாளரின் டொமைன் சர்வரில் கிடக்கிறது. அதனால் ஏதாவது கெடுதல் உண்டா?
– வாசகர், திருநெல்வேலி

உண்டு, பாதிப்பு மற்ற வாடிக்கையாளர்களுக்கு. அவர் வேறு நிறுவனத்துக்குப் போய்விட்டார், மின்னஞ்சலும் அங்கே. ஆனால் உங்கள் சர்வர் பெயர் தேடுவதற்குத் தன் பைண்டையே கேட்கிறது என்றால், அங்கிருந்து அவருக்கு அனுப்பப்படும் கடிதம் பழைய எம்எக்ஸ்ஸைப் பார்த்து உங்கள் பெட்டிக்குள்ளேயே விழும். அனுப்பியவருக்குப் பிழைச் செய்தியும் வராது. இதற்காகத்தான் உலகுக்குப் பதில் சொல்லும் நேம்சர்வரையும், உங்கள் சர்வர்கள் கேட்கும் ரிசால்வரையும் ஒரே நிரலில் வைக்கக் கூடாது. ரிசால்வராக அன்பவுண்டை 127.0.0.1இல் தனியாகப் போட்டு, ரிசால்வ்.கான்ஃப் கோப்பில் அதை மட்டும் குறிப்பிடுங்கள்.

மாதம் ஒருமுறை, சர்வரில் உள்ள ஒவ்வொரு டொமைனுக்கும் மேலே உள்ள ரெஜிஸ்ட்ரியில் என்எஸ் பதிவு இன்னும் உங்கள் பெயர்களைக் காட்டுகிறதா என்று சரிபார்க்கும் ஸ்கிரிப்டை ஓடவிடுங்கள். காட்டாதவற்றைத் தனிப் பட்டியலாக எடுத்து, வாடிக்கையாளரிடம் ஒருமுறை கேட்டுக்கொண்டு நீக்குங்கள். சிலர் நேம்சர்வரை மட்டும் கிளவுட்ஃப்ளேருக்கு மாற்றிவிட்டுத் தளத்தை உங்களிடமே வைத்திருப்பார்கள். அவர்கள் விஷயத்தில் ஸோனை மட்டும் நீக்க வேண்டும், கணக்கைத் தொடக் கூடாது. மின்னஞ்சலும் வெளியே போயிருந்தால், பேனலின் உள்ளூர் மின்னஞ்சல் பட்டியலிலிருந்தும் அந்த டொமைனை எடுத்துவிடுங்கள். எம்எக்ஸ் சரியாக இருந்தாலும் அந்தப் பட்டியலைப் பார்த்து உள்ளேயே விநியோகிக்கும் மெயில் சர்வர்கள் உண்டு.